தேர்தல் பகை ஆறுவது எப்படி? துனீசியா சொல்லும் பாடம்



தேர்தல் முடிந்துவிட்டது. கொடிகளும் தோரணங்களும் இறங்கிவிட்டன. ஆனால் மனங்களில் பிரசாரம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், தொழுகை முடிந்ததும் முகம் பார்க்காமல் ஆளுக்கொரு வாசல் வழியாகப் போகிறார்கள். சம்பந்தி வீட்டு வலீமாவுக்கு அழைப்பு போவதில்லை. போனாலும் ஆள் வருவதில்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஒரு நாள் மாமா வெளியேறுகிறார், மறுநாள் மச்சான் வெளியேறுகிறார். பெருநாளன்று பிள்ளைகள் "அந்த வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்டுவிட்டுப் போகிற நிலை பல ஊர்களில் வந்திருக்கிறது.

இதை வெறும் மனத்தாங்கல் என்று விட்டுவிட முடியாது. இந்தப் பகைக்கு நம் குடும்பங்கள் கொடுக்கும் விலை பெரிது. ஓட்டு எண்ணிக்கை நாளில் வாய்த்தகராறாகத் தொடங்கியது கைகலப்பாகி, காவல் நிலையத்தில் வழக்காகப் பதிவாகிறது. குற்ற வழக்கு நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் ஒருவர் பாஸ்போர்ட் எடுக்கப் போனால் போலீஸ் விசாரணையில் தடை விழுகிறது. நீதிமன்றத்தின் அனுமதி வாங்கி வரச் சொல்கிறார்கள். வளைகுடா வேலையை நம்பியிருக்கும் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று சொல்ல வேண்டியதில்லை. தலைவர்கள் அடுத்த கூட்டணிக்குப் போய்விடுவார்கள். வழக்குக்கு அலைகிறவர் நம் தெருப் பையன்.

இன்னொரு விலையும் உண்டு. கட்சிப் பகை ஜமாஅத் நிர்வாகத்துக்குள் நுழைந்துவிட்டால் பைத்துல்மால் உதவிப் பட்டியலிலேயே சந்தேகம் வந்துவிடும். "அவங்க ஆளுக்கு மட்டும் கொடுக்கிறாங்க" என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் ஜகாத் கொடுக்கிறவர் கையை இழுத்துக்கொள்வார். கடைசியில் நஷ்டப்படுவது, எந்தக் கட்சிக் கொடியையும் பிடிக்காத ஒரு விதவைத் தாய்.

"அரசியலே வேண்டாம், எல்லாரும் ஒதுங்கிக்கொள்வோம்" என்பது இதற்குத் தீர்வாகாது. ஓட்டுப் போடுவதும், ஒரு கட்சியில் உழைப்பதும், மாற்றுக் கருத்துச் சொல்வதும் நமக்குள்ள உரிமை. கருத்து வேறுபாட்டை வைத்துக்கொண்டே பகையை எப்படி ஆற்றுவது என்பதுதான் கேள்வி. இதற்கு விடை தேடும்போது, நம்மைவிடப் பல மடங்கு கடுமையான பகையில் சிக்கி, ஆட்சி கவிழ்ப்பின் விளிம்பு வரைக்கும் போய்த் திரும்பிய ஒரு முஸ்லிம் நாட்டின் அனுபவம் நமக்கு உதவும். அது வட ஆப்பிரிக்காவின் துனீசியா.

ஒரே மத்ஹப், இரண்டு முகாம்

துனீசியாவில் அப்போது சுமார் 1 கோடியே 10 லட்சம் மக்கள். ஏறத்தாழ அனைவரும் முஸ்லிம்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலிக்கி மத்ஹபைப் பின்பற்றும் சுன்னத் ஜமாஅத்தினர். தலைநகர் தூனிஸில் இருக்கும் ஸைதூனா பள்ளிவாசல் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட கல்விப் பாரம்பரியம் கொண்டது. இனமும் மொழியும் மத்ஹபும் ஒன்றாக இருந்தும் அந்த மக்கள் அரசியலால் இரண்டாகப் பிளந்தார்கள். மார்க்கம் ஒன்றாக இருந்தால் மட்டும் பகை வராது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

2011 ஜனவரி 14 அன்று, 23 ஆண்டுகள் ஆண்ட பின் அலி, மக்கள் எழுச்சிக்கு முன் நிற்க முடியாமல் நாட்டை விட்டு ஓடினார். அதே ஆண்டு அக்டோபர் 23 அன்று அரசியல் சாசனத்தை எழுதுவதற்கான சபைக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 217 இடங்கள். ராஷித் அல் கன்னூஷியின் அந்நஹ்ழா கட்சி 89 இடங்களைப் பெற்று முதலிடத்துக்கு வந்தது. மேலும் இரண்டு கட்சிகளைச் சேர்த்துக்கொண்டு ஆட்சி அமைத்தது. அடுத்த ஆண்டு, முன்னாள் அமைச்சரான பேஜி காயித் எஸ்ஸெப்ஸி, எதிர்ப்பாளர்களில் பலரை ஒன்றுதிரட்டி நிதா தூனிஸ் என்ற கட்சியைத் தொடங்கினார்.

இரு முகாம்களுக்கும் ஒன்றையொன்று பார்த்தால் பயம். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்நஹ்ழாவின் ஆயிரக்கணக்கான ஊழியர்கள் பழைய ஆட்சியில் சிறையில் வதைபட்டவர்கள். கன்னூஷி சுமார் 20 ஆண்டுகள் லண்டனில் அகதியாக வாழ்ந்தவர். எதிரணியின் தலைவரோ பழைய ஆட்சிகளில் உள்துறை, வெளியுறவு போன்ற பெரிய பொறுப்புகளில் இருந்தவர். "இவர்கள் வந்தால் மறுபடியும் சிறைதான்" என்று அந்நஹ்ழாவினர் நினைத்தார்கள். "இவர்கள் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் பிறகு தேர்தலே இருக்காது, நம் வாழ்க்கை முறையையே மாற்றிவிடுவார்கள்" என்று மறுதரப்பு நினைத்தது. பகை என்பது பெரும்பாலும் பயத்தின் மறுபக்கம்தான். எதிரில் நிற்பவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பார்க்காத வரைக்கும் அவர் பேச்செல்லாம் திமிராகவே நம் காதில் விழும்.

சாசனத்தை ஓராண்டுக்குள் முடிப்பதாகச் சொல்லியிருந்தார்கள், அது முடியவில்லை. 2013 பிப்ரவரி 6 அன்று இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெலாயித் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலை 25 அன்று சாசன சபை உறுப்பினர் முஹம்மத் பிராஹ்மியும் அதே போலக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் ஆயுதம் ஏந்திய தீவிரவாதிகள். ஆனால் அரசின் மெத்தனம்தான் காரணம் என்று எதிர்க்கட்சிகள் கொதித்தன. சுமார் 60 உறுப்பினர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். சபைக் கட்டடத்துக்கு வெளியே ஒரு கூட்டம் அரசு விலக வேண்டும் என்று முழங்க, ஆட்சிக்கு ஆதரவாக வேறு பக்கம் இன்னொரு பெருங்கூட்டம் திரண்டது. ஆகஸ்ட் 6 அன்று சபைத் தலைவரே சபையின் பணிகளை நிறுத்தி வைத்தார்.

அந்த நேரத்தில் எகிப்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது நினைவிருக்கும். ஜூலை 3 அன்று அதிபர் முர்ஸியை ராணுவம் பதவியிலிருந்து இறக்கியது. ஆகஸ்ட் 14 அன்று கெய்ரோவின் ராபிஆ சதுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். துனீசியாவும் அதே பாதையில்தான் போகிறது என்று உலகம் நினைத்தது.

நடுவில் வந்த நான்கு அமைப்புகள்

இந்த இடத்தில்தான் நான்கு அமைப்புகள் முன்வந்தன. 1946-இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் பொதுச் சங்கம், தொழில் முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர்கள் சங்கம் ஆகியவை அவை. தொழிலாளர் சங்கத்தை ஹுஸைன் அல் அப்பாஸியும், முதலாளிகள் சங்கத்தை விதாத் பூஷமாவி என்ற பெண்மணியும் தலைமை தாங்கி நடத்தினார்கள்.

இந்த நால்வர் குழுவைப் பற்றி இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தொழிலாளர் சங்கமும் முதலாளிகள் சங்கமும் அன்றாடம் கூலிக்காக மல்லுக்கட்டுகிறவை. அப்படிப்பட்ட இரண்டும் ஒரே பக்கம் உட்கார்ந்தபோது, "இவர்களே சேர்ந்துவிட்டார்களே, நாம் ஏன் சேரக்கூடாது?" என்ற கேள்வி அரசியல் கட்சிகளைத் துளைத்தது. இரண்டாவது, இவர்கள் கருத்தே இல்லாதவர்கள் அல்லர். தொழிலாளர் சங்கம் அந்நஹ்ழா அரசோடு கடுமையாக மோதியிருந்தது. ஆனால் நால்வரில் யாரும் தமக்கு ஆட்சிப் பதவி கேட்கவில்லை. நடுவராக இருப்பவருக்குச் சொந்தக் கருத்து இருக்கலாம், அந்த நாற்காலியில் ஆசைதான் இருக்கக்கூடாது.

அவர்கள் வேலை செய்த முறையும் முக்கியம். "எல்லாரும் ஒற்றுமையாக இருங்கள்" என்று உபதேசம் செய்துவிட்டுப் போகவில்லை. ஒரு திட்ட வரைவை எழுதினார்கள். இப்போதுள்ள அரசு விலகிக் கட்சி சாராத அரசு வர வேண்டும். சபை மறுபடியும் கூடிச் சாசனத்தை முடிக்க வேண்டும். தேர்தல் ஆணையத்தை அமைத்துத் தேர்தல் தேதியை அறிவிக்க வேண்டும் என்பவை அதன் சாரம். பேச்சுவார்த்தைக்கு வருகிற கட்சி முதலில் அந்தத் தாளில் கையொப்பம் இட வேண்டும் என்றார்கள். 2013 அக்டோபர் 5 அன்று அந்நஹ்ழா உட்படப் பெரும்பாலான கட்சிகள் கையொப்பமிட்டன. அதிபர் மர்ஸூகியின் கட்சி மறுத்தது. மறுத்தவர்களுக்காக மற்றவர்கள் காத்திருக்கவில்லை. சபையில் எத்தனை இடங்கள் இருந்தாலும், பேச்சு மேசையில் பெரிய கட்சிக்கும் சிறிய கட்சிக்கும் சமமான இடம் கொடுக்கப்பட்டது. அக்டோபர் 25 அன்று பேச்சு தொடங்கியது.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. புதிய பிரதமர் யார் என்ற ஒரே கேள்வியில் நவம்பர் தொடக்கத்தில் பேச்சு முறிந்தது. குறித்த கெடுக்கள் பலமுறை தள்ளிப்போயின. நால்வரும் ஒவ்வொரு தரப்பையும் தனித்தனியாகச் சந்தித்துப் பேசி மறுபடியும் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். கடைசியில் டிசம்பர் 14 அன்று மஹ்தி ஜும்ஆ என்ற அமைச்சரின் பெயர் தேர்வானது. அவருடைய அரசில் இருப்பவர்கள் அடுத்த தேர்தலில் போட்டியிடக் கூடாது என்பது நிபந்தனை.

யார் எதை விட்டுக்கொடுத்தார்கள்?

சமாதானம் என்றாலே யாரோ ஒருவர் தோற்க வேண்டும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். துனீசியாவில் இரு தரப்பும் தங்களுக்கு அருமையான ஒன்றைக் கீழே வைத்தார்கள்.

சபையில் அதிக இடங்கள் வைத்திருந்த அந்நஹ்ழா, யாரும் ஓட்டுப் போட்டு இறக்காமலேயே ஆட்சியை விட்டு இறங்கியது. அதன் பிரதமர் அலி லாரயத் 2014 ஜனவரி 9 அன்று பதவி விலகினார். எதிர்க்கட்சிகளோ, சபையையே கலைக்க வேண்டும் என்ற கோரிக்கையை விட்டுவிட்டுத் தங்கள் இடங்களுக்குத் திரும்பின. இதற்கெல்லாம் முன்பாக, 2013 ஆகஸ்ட் நடுவில், கன்னூஷியும் எஸ்ஸெப்ஸியும் பாரிஸில் நேருக்கு நேர் சந்தித்துப் பேசியிருந்தார்கள். இரு கட்சிகளின் ஊழியர்களுக்கும் அந்தச் சந்திப்பு பிடிக்கவில்லை. எதிரியின் கையைப் பிடித்ததற்காகத் தம் சொந்த ஆட்களிடமே ஏச்சு வாங்குவதற்கு இரு முதியவர்களும் தயாராக இருந்தார்கள். சமரசம் செய்கிறவருக்கு முதல் அடி தன் பக்கத்திலிருந்துதான் விழும்.

சாசனம் 2014 ஜனவரி 26 அன்று ஓட்டுக்கு வந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 12, நடுநிலை 4. ஆறு மாதத்துக்கு முன் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள் அன்று கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தச் சாசனத்தின் 6-ஆவது பிரிவில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. விவாதத்தின்போது ஒரு உறுப்பினர் இன்னொருவரை இஸ்லாத்தின் விரோதி என்று பேச, அவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. உடனே, ஒருவரைக் காஃபிர் என்று பத்வா கொடுப்பதைத் தடுக்கும் வாசகத்தை அந்தப் பிரிவில் சேர்த்தார்கள். அரசியல் எதிரியை மார்க்கத்துக்கு வெளியே தள்ளும் வாயை அடைக்காமல் எந்தச் சமாதானமும் நிற்காது என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தார்கள்.

அதே ஆண்டு இன்னொரு சோதனை வந்தது. பழைய ஆட்சியில் பொறுப்பு வகித்தவர்கள் தேர்தலில் நிற்கவே கூடாது என்று ஒரு பிரிவைச் சட்டத்தில் சேர்க்கச் சிலர் முயன்றார்கள். அது நிறைவேறியிருந்தால் அந்நஹ்ழாவின் முக்கிய எதிரிகள் பலர் களத்திலிருந்தே நீங்கியிருப்பார்கள். சபையில் வலுவாக இருந்தும் கன்னூஷி அந்தப் பிரிவு வேண்டாம் என்று தம் கட்சியினரிடம் வலியுறுத்தினார். மயிரிழையில் அது தோற்றது. எதிரியைப் போட்டிக்கே வரவிடாமல் தடுத்து ஜெயிப்பதைவிட, போட்டியில் தோற்பது மேல் என்று முடிவு செய்தார்கள்.

தோற்கவும் செய்தார்கள். 2014 அக்டோபர் 26 தேர்தலில் நிதா தூனிஸுக்கு 86 இடங்கள், அந்நஹ்ழாவுக்கு 69. கன்னூஷி எஸ்ஸெப்ஸிக்குத் தொலைபேசியில் வாழ்த்துச் சொன்னார். டிசம்பரில் எஸ்ஸெப்ஸி அதிபரானார். அடுத்த ஆண்டு அமைந்த அரசில் அந்நஹ்ழாவும் ஒரே ஒரு அமைச்சர் பதவியோடு சேர்ந்துகொண்டது. 2016-இல் அந்நஹ்ழா நடத்திய மாநாட்டுக்கு அதிபர் எஸ்ஸெப்ஸி விருந்தினராக வந்து பேசினார். நால்வர் குழுவுக்கு 2015-ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

நிலைக்காமல் போனது ஏன்?

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நேர்மை அதற்கு இடம் தராது. 2021 ஜூலை 25 அன்று, அதற்குப் பின் வந்த அதிபர் கைஸ் ஸயீத் நாடாளுமன்றத்தை முடக்கினார். 2022-இல் வேறு சாசனம் வந்தது. கன்னூஷி 2023 ஏப்ரலில் கைது செய்யப்பட்டார்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றில் இரண்டு நமக்கு நேரடியாகப் பொருந்தும். முதலாவது, தலைவர்கள் சமாதானமாகி நாற்காலிகளைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் வேலையின்மையும் விலைவாசியும் அப்படியே இருந்தன. மேலே நடந்த சமரசத்தால் கீழே இருப்பவரின் அடுப்பு எரியவில்லை என்றால், மக்களுக்கு அதன் மேல் மரியாதை போய்விடும். இரண்டாவது, அரசியல் சாசன நீதிமன்றம் ஒன்றை ஓராண்டுக்குள் அமைக்க வேண்டும் என்று 2014 சாசனம் சொல்லியிருந்தது. அதன் உறுப்பினர்கள் யார் என்பதில் கட்சிகள் உடன்படாததால் கடைசி வரைக்கும் அது அமையவே இல்லை. பெரிய தகராறு வந்த நாளில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர் மன்றம் இல்லை. நெருக்கடியில் கூடிய நால்வர் குழு வீட்டைக் காப்பாற்றியது. ஆனால் அந்த நடுவர் இடத்தை நிரந்தரமாகக் கட்டி வைக்காமல் விட்டுவிட்டார்கள்.

துனீசியா நமக்குச் சொல்வது இதுதான்: பகையை ஆற்றுவதற்கு நல்ல மனம் மட்டும் போதாது. இரு தரப்பும் நம்புகிற ஒரு பொது இடம் வேண்டும். அந்த இடத்துக்கு எழுதப்பட்ட விதிகள் வேண்டும். அது எப்போதும் இருக்க வேண்டும்.

நம் மஹல்லாவில் அந்த இடம் எது?

அல்ஹம்துலில்லாஹ், அந்த இடத்தை நாம் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பள்ளிவாசலும் ஜமாஅத்தும் அறக்கட்டளையும்தான் அந்த இடம். பிறப்பிலிருந்து ஜனாஸா வரைக்கும் எல்லாக் கட்சிக்காரரும் வந்து நிற்கிற இடம் இது ஒன்றுதான். இதை யாருடைய கட்சி அலுவலகமாகவும் ஆக விடாமல் காப்பதே முதல் கடமை. அதற்குச் செய்யக்கூடியவை சில:

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கைந்து பேர் கொண்ட சமரசக் குழு ஒன்றை அமைக்கலாம். ஒரு ஆலிம், ஒரு வியாபாரி, ஒரு ஆசிரியை, இரு பெரிய கட்சிகளின் ஊழியர்களும் மதிக்கிற ஒரு பெரியவர் என்று இருக்கலாம். அவர்களுக்குக் கட்சிக் கருத்து இருப்பது குற்றமில்லை. ஆனால் அந்தப் பொறுப்பில் இருக்கும் வரைக்கும் உள்ளாட்சித் தேர்தலிலோ ஜமாஅத் நிர்வாகத் தேர்விலோ நிற்க மாட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பெண்களை இதில் விட்டுவிடக் கூடாது. இரண்டு வீடுகளுக்கு இடையே பேச்சு நின்றுபோனால் முதலில் அறிகிறவர்கள் அவர்கள். மறுபடியும் பேச்சைத் தொடங்கி வைப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான்.

இரண்டாவதாக, அந்தக் குழுவின் முதல் வேலை மேடைப் பேச்சாக இருக்க வேண்டாம். வழக்குகளைப் பார்க்கட்டும். தேர்தல் நேரத்துத் தகராறில் யார் மீது என்ன வழக்கு இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டும். சமரசத்துக்குச் சட்டம் இடம் கொடுக்கிற குற்றங்களை மக்கள் நீதிமன்றம் எனப்படும் லோக் அதாலத்தில் இரு தரப்பு சம்மதத்தோடு முடித்துக்கொள்ளலாம். அதற்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. வட்ட அளவிலேயே சட்டப் பணிகள் குழு இருக்கிறது. ஒரு பையனின் பாஸ்போர்ட் தடை நீங்கினால், நூறு ஒற்றுமை மாநாடுகள் செய்யாத வேலையை அது செய்துவிடும். சமரசத்துக்கு இடமில்லாத கடுமையான குற்றம் என்றால் சட்டம் தன் வழியில் போகட்டும். அதை மூடி மறைப்பது சமாதானமாகாது.

மூன்றாவதாக, மிம்பரும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியும் ஜமாஅத்தின் லெட்டர்பேடும் எந்தக் கட்சிக்கும் பயன்படக் கூடாது. இதை வாய்வழியாகச் சொல்லி வைத்தால் அடுத்த நிர்வாகம் மறந்துவிடும். ஜமாஅத் விதிமுறைகளிலேயே எழுதி வைக்க வேண்டும். வெற்றி பெற்ற வேட்பாளருக்குப் பாராட்டு என்றால் அது அவரவர் இடத்தில் நடக்கட்டும். மக்கள் பிரதிநிதி என்ற முறையில் அவரிடம் கோரிக்கை வைக்கப் போகும்போது, இரு கட்சிக்காரர்களும் சேர்ந்து போகட்டும். கப்ருஸ்தானுக்குச் சுற்றுச்சுவரும் தெருவுக்குக் குடிநீரும் கேட்பதில் கட்சி எதற்கு?

நான்காவதாக, உதவிப் பட்டியல். கல்வி உதவி, மருத்துவ உதவி, ரமளான் பொருள் விநியோகம் எதுவானாலும், விண்ணப்பங்களைப் பெயர் நீக்கி எண்ணோடு மட்டும் பரிசீலிக்கும் முறையைக் கொண்டு வரலாம். பரிசீலிக்கும் குழுவில் வெவ்வேறு கட்சிகளில் ஈடுபாடுள்ளவர்கள் இருந்தால் வெளியில் சந்தேகப் பேச்சு குறையும். துனீசியாவில் மேலே நடந்த சமரசம் கீழே வயிற்றுக்குப் போய்ச் சேராததுதான் குறை. நம்மிடம் அந்தக் குறை வரக்கூடாது.

ஐந்தாவதாக, ஜெயித்தவர் முதலில் ஸலாம் சொல்லட்டும். தோற்றவர் முதலில் போனால் அது பணிவாகத் தெரியாது, பிழைப்பாகத் தெரியும். ஜெயித்தவர் தோற்றவர் வீட்டுக்குப் போனால் அது பெருந்தன்மை. தோற்றவருக்கும் ஒரு கடமை உண்டு. முடிவில் உண்மையான ஆட்சேபம் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது: 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, வென்றவர் தேர்வான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். அதை விட்டுவிட்டு டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் ஐந்தாண்டுக்கு வழக்கு நடத்திக்கொண்டிருப்பதில் பயனில்லை.

நாவிலிருந்து தொடங்குவோம்

திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தை ஓதுகிறவர்கள் ஒரு வரிசையைக் கவனிக்கலாம். முஃமின்களில் இரு பிரிவினர் சண்டையிட்டால் அவர்களுக்கிடையே நீதியோடு சமாதானம் செய்ய வேண்டும் என்ற கட்டளை முதலில் வருகிறது. அதைத் தொடர்ந்து வரும் வசனங்களில் கேலி பேசுவது, குத்திக் காட்டுவது, பட்டப்பெயர் வைப்பது, தேவையற்ற சந்தேகம், துருவி ஆராய்வது, புறம் பேசுவது ஆகியவை தடுக்கப்படுகின்றன. சமாதானத்தை அடுத்து நாவு பேசப்படுவது காரணமில்லாமல் இல்லை. பத்துப் பெரியவர்கள் கூடி ஒரு மாதம் உழைத்துச் செய்த சமாதானத்தை, நள்ளிரவில் ஒருவர் அனுப்பும் ஒரு கேலிப் படம் கலைத்துவிடும்.

ஆகவே குழுக்களை நடத்துகிறவர்கள் ஒரு விதி வைக்கலாம். கட்சியின் கொள்கையையும் ஆட்சியின் செயலையும் எவ்வளவு வேண்டுமானாலும் விமர்சிக்கலாம். ஆளின் குடும்பத்தை, ஈமானை, தொழிலை, உடல் குறையைத் தொட்டால் பதிவு நீக்கப்படும். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவரை "விலைபோனவர்" என்றும் "முனாஃபிக்" என்றும் எழுதுவது அரசியல் விமர்சனத்தில் சேராது. ஒருவரின் உள்ளத்தைத் தீர்ப்பிடும் அதிகாரம் எந்தக் கட்சியின் எந்தப் பொறுப்பாளருக்கும் கிடையாது.

விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு ஹுதைபிய்யா நினைவிருக்கட்டும். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு உடன்படிக்கை எழுதும்போது, "அல்லாஹ்வின் தூதர்" என்ற வாசகத்தை மக்கத்துத் தரப்பு ஏற்கவில்லை. நபி (ஸல்) அவர்கள் அதை நீக்கச் செய்து, தம் தந்தையின் பெயரோடு எழுத இசைந்தார்கள். உமர் (ரலி) போன்ற தோழர்களுக்கே அந்த உடன்படிக்கை அன்று பாரமாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் மக்கா வெற்றி வந்தது. வாசகம் நீங்கியதால் தூதுத்துவம் குறைந்துவிடவில்லை. நாம் விட்டுக்கொடுக்கத் தயங்குவதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசவே தகுதியில்லாத சின்ன விஷயங்கள்.

உள்ளாட்சித் தேர்தலும் சட்டமன்றத் தேர்தலும் நாடாளுமன்றத் தேர்தலும் மாறி மாறி வந்துகொண்டேதான் இருக்கும். அடுத்த தேர்தல் சூடு பிடிப்பதற்கு முன்பாக, இந்த அமைதியான மாதங்களிலேயே சமரசக் குழுவையும் விதிகளையும் அமைத்துவிட வேண்டும். தீப்பிடித்த பிறகு கிணறு தோண்ட முடியாது. இது குறித்து நம் அறக்கட்டளை, மஹல்லா ஜமாஅத்துகளின் நிர்வாகிகளோடு கலந்து பேசத் தயாராக இருக்கிறது. குழுவில் பணியாற்ற விரும்பும் சகோதரர்களும் சகோதரிகளும், எந்தக் கட்சியில் இருந்தாலும், அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.

அல்லாஹ் நம் உள்ளங்களை இணைத்து, நம் நாவுகளைக் காத்து, நம் பிள்ளைகளுக்குப் பகையை வாரிசுச் சொத்தாக விட்டுச் செல்லாதவர்களாக நம்மை ஆக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்